எஸ்எஸ்எச்சா, மாஷா, வயர்கார்டா: எந்த வேலைக்கு எது, ஓட்டை எங்கே

2023 டிசம்பர் 2, சனிக்கிழமை இரவு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையின் சர்வரில், தூரத்திலிருந்தே உள்ளே நுழைந்து கட்டளை தட்டும் வழியான எஸ்எஸ்எச்சின் பாஸ்வேர்டு லாகினை மூடிவிட்டு, இன்னின்னார்தான் நுழையலாம் என்று அலவ்யூசர்ஸ் வரியில் பெயர்களை எழுதினேன். என் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனது. சேவையை ரீஸ்டார்ட் செய்தேன், டெர்மினலை மூடினேன், படுத்துவிட்டேன். மறுநாள் மிக்ஜாம் மழை பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை எலெக்ட்ரிக் ட்ரெயின் ஓடவில்லை. குரோம்பேட்டையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பட்டறையில் ஜெனரேட்டர் ஓடியது, இணையம் இருந்தது, சர்வரும் நன்றாகவே இருந்தது. நான்தான் வெளியே நின்றேன். வியாழக்கிழமை நேரில் போய், கீபோர்டை மாட்டி, அந்த ஒரு எழுத்தைச் சேர்த்துவிட்டு வந்தேன்.

சிறிய நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஒரு ஆடிட்டர் அலுவலகம், இரண்டு பட்டறைகள், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம், ஒரு புத்தகக் கிடங்கு. என்னோடு வேலை செய்யும் தம்பிக்கும் எனக்கும் எந்தக் கருவி நல்லது என்பதில் வாராவாரம் வாக்குவாதம் நடக்கும். அவன் சொன்னதில் சரியாக இருந்ததையும், நான் விட்டுக்கொடுக்காததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: நடுவில் ஓடும் குறியாக்கத்தைப் பற்றிக் கவலைப்படுவதை விட, இந்த முனையில் இருக்கும் ஆளையும் சாவியையும், அந்த முனையில் இருக்கும் இயந்திரத்தையும் பற்றிக் கவலைப்படுங்கள். நான் கண்ட சேதமெல்லாம் முனைகளில்தான் நடந்தது.

முதலில், எஸ்எஸ்எச் ஏன் வந்தது என்று ஒரு வார்த்தை. 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்டு பாஸ்வேர்டுகளை அள்ளிவிட்டார்கள். அங்கே இருந்த டாட்டு யுலோனென் அதற்கு மாற்றாக எழுதியதுதான் இது. அதற்கு முன்பு இதே வேலைக்கு இருந்த டெல்நெட், ஆர்லாகின் எல்லாம் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டை அப்படியே கம்பியில் அனுப்பும். சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் போர்ட் என்று ஒரு கதவு எண் உண்டு: கோப்பு அனுப்பும் எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. இரண்டுக்கும் நடுவில் காலியாக இருந்த 22ஐக் கேட்டு வாங்கினார். இன்று நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளக் குழு 1999இல் தொடங்கிய ஓப்பன்எஸ்எஸ்எச். டெல்நெட் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பழைய சிசிடிவி பெட்டிகளிலும் ஸ்விட்சுகளிலும் இன்னும் இருக்கிறது. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல் அப்படிப்பட்ட பெட்டிகளில்தான், கம்பெனி வைத்து அனுப்பிய பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தே உள்ளே போனது. உங்கள் கேமரா பெட்டியில் 23 திறந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

பாஸ்வேர்டுக்குப் பதில் சாவி என்றால் ஒரு ஜோடிக் கோப்பு: பொதுச்சாவி சர்வரில் இருக்கும், தனிச்சாவி நம்மிடம் இருந்து, நுழையும்போது கையெழுத்துப் போட்டு நாம்தான் என்று காட்டும். சாவி உருவாக்கும்போது எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையில் இடி25519 வகையைக் கேளுங்கள். 2014 முதல் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் இருக்கிறது. சாவி சின்னது, வேகமானது, தவறாக அமைத்துக்கொள்ள வழியும் குறைவு. மிகப் பழைய ரவுட்டர் ஏற்கவில்லை என்றால் மட்டும் பழைய வகையான ஆர்எஸ்ஏ, 3072 பிட்டுக்குக் குறையாமல். தனிச்சாவியைப் பூட்டிவைக்க ஒரு ரகசியச் சொற்றொடர், அதாவது பாஸ்ஃபிரேஸ், கேட்கும்போது வெறும் என்டர் தட்டாதீர்கள். பாஸ்ஃபிரேஸ் இல்லாத தனிச்சாவி என்பது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்குச் சர்வரையும் சேர்த்துக் கொடுப்பது. தினமும் பத்து முறை தட்ட வேண்டுமே என்று தம்பி முதலில் சலித்துக்கொண்டான். திறந்த சாவியை நினைவில் வைத்துக்கொள்ளும் ஏஜென்ட்டில் காலையில் ஒரு முறை ஏற்றிவிட்டால் போதும் என்று காட்டிய பிறகு சலித்துக்கொள்வதில்லை. வசதி இருந்தால் விரலால் தொட்டால் மட்டுமே கையெழுத்துப் போடும் யுஎஸ்பி சாவி வாங்குங்கள். ஓப்பன்எஸ்எஸ்எச் 8.2இலிருந்து, அதாவது 2020 பிப்ரவரியிலிருந்து, அது வேலை செய்கிறது. ஆடிட்டர் அலுவலகத்துக்கு நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அடுத்தது, முக்கால்வாசிப் பேர் தாண்டிப்போகும் இடம். புதிய சர்வரில் முதல் முறை நுழையும்போது திரையில் அந்தச் சர்வரின் சொந்தச் சாவியை அடையாளம் காட்டும் ஒரு கைரேகை வரும்: ஷா256 என்று தொடங்கி 43 எழுத்துகள். கீழே, தொடரலாமா என்று கேள்வி. எல்லோரும் 'யெஸ்' என்று அடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு கணத்தில் நடுவில் யாராவது உட்கார்ந்திருந்தால், எவ்வளவு வலுவான குறியாக்கமாக இருந்தாலும் அவனோடுதான் பேசுகிறோம். எஸ்எஸ்எச்சின் பெரிய பலவீனம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். கருவி எச்சரிக்கிறது, ஆனால் சரிபார்க்கும் வேலையை நம்மிடம் விட்டுவிடுகிறது.

நான் செய்வது இது. சர்வர் பக்கத்தில் இருக்கும் மேற்பார்வையாளரைத் திரையின் முன் உட்கார வைத்து, சர்வரின் இடி25519 பொதுச்சாவிக் கோப்பின் கைரேகையை எஸ்எஸ்எச்-கீஜென்னில் 'எல்' விருப்பத்தோடு எடுக்கச் சொல்வேன். எடுத்ததை எனக்கு அனுப்பச் சொல்வேன். புதிய ஓப்பன்எஸ்எஸ்எச்சில் 'யெஸ்' என்பதற்குப் பதில் அந்தக் கைரேகையையே ஒட்டலாம். பொருந்தினால்தான் உள்ளே விடும், கண்ணால் ஒப்பிட வேண்டியதில்லை. பட்டறை அண்ணன் ஒருவர் முதல் தடவை, "என்னம்மா இது, பேங்க் லாக்கர் மாதிரி கேக்குறீங்க" என்றார். "அதேதாண்ணே" என்றேன். இப்போது புது சர்வர் வந்தால் நான் கேட்பதற்கு முன்பே அனுப்பிவிடுகிறார்.

பின்னால் என்றைக்காவது கைரேகை மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை வந்தால், நம் கணினியில் சேமித்திருக்கும் பழைய சாவி வரியை அழித்துவிட்டு நுழையாதீர்கள். சர்வரை மறுபடி நிறுவினார்களா என்று போன் போட்டுக் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.

பாஸ்வேர்டு லாகினை மூடுவது எல்லோரும் சொல்வதுதான். மூடிவிட்டோம் என்று நினைத்து மூடாமல் விடுவது எப்படி என்று சொல்கிறேன், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சர்வர் பக்கத்தில் ஓடும் எஸ்எஸ்எச் சேவையான எஸ்எஸ்எச்டியின் அமைப்புக் கோப்பில் ஒரே விஷயம் இரண்டு இடத்தில் வந்தால் முதலில் வருவதுதான் செல்லும். உபுண்டு லினக்ஸில் அந்தக் கோப்பின் தலையிலேயே துணை அடைவில் இருக்கும் கோப்புகளைச் சேர்க்கும் வரி இருக்கிறது. கிளவுடில் வாங்கிய சர்வர்களில் அந்த அடைவில் 50-கிளவுட்-இனிட் என்று ஒரு கோப்பு, அதற்குள் பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் 'யெஸ்' என்று இருக்கலாம். நீங்கள் கீழே பெரிய கோப்பில் 'நோ' என்று போட்டால் அதை யாரும் படிப்பதில்லை. பரிசோதனை நிலையத்தின் சர்வரை நான் கையில் எடுத்தபோது இப்படித்தான் இருந்தது. முன்பு பார்த்தவர் மூடிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நடப்பதையெல்லாம் பதிவு செய்யும் லாகில், முழு அதிகாரமும் உள்ள ரூட் கணக்கின் பெயரில் பாஸ்வேர்டு முயற்சிகள் நிமிடத்துக்கு நிமிடம் ஓடிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றுக்கும் சர்வர் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதனால் கோப்பைப் படித்து முடிவுக்கு வராதீர்கள். எஸ்எஸ்எச்டியைப் பெரிய 'டி' விருப்பத்தோடு ஓட்டினால், உண்மையில் எது நடப்பில் இருக்கிறது என்று முழுப் பட்டியல் தரும். அதில் பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன், கீபோர்டு-இன்டராக்டிவ் ஆதென்டிகேஷன் இரண்டும் 'நோ' என்று இருக்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால், லினக்ஸில் லாகினைச் சரிபார்க்கும் பாம் என்ற பகுதி வழியாக பாஸ்வேர்டு வேறு கதவில் நுழையும்.

இப்போது டிசம்பர் 2க்கு வருகிறேன். சின்ன 'டி' விருப்பம் கோப்பில் சேவைக்குப் புரியாதபடி எழுதிய வரி இருக்கிறதா என்று சொல்லும். அன்றைக்கு நான் அதை ஓட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் அலவ்யூசர்ஸ் வரியில் இல்லாத ஆளின் பெயர் இருப்பது அதற்குப் பிழையே இல்லை. ஆகவே இந்த மூன்றும் செய்யாமல் நான் இப்போது எந்தச் சர்வரிலும் கை வைப்பதில்லை. ஒன்று, இருக்கும் ஜன்னலை மூடுவதில்லை. எஸ்எஸ்எச்டியை ரீஸ்டார்ட் செய்தாலும் ஏற்கெனவே உள்ளே இருக்கும் இணைப்பு அறுந்துபோகாது, அதுதான் நம் கயிறு. இரண்டு, வேறொரு ஜன்னலில் புதிதாக லாகின் செய்து, ரூட் அதிகாரம் தரும் சூடோ வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் முதல் ஜன்னலைத் தொடுவேன். மூன்று, மாற்றுவதற்கு முன்பே பழைய கோப்பின் நகலை வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் கழித்து அந்த நகலைத் திரும்ப வைத்து சேவையை ரீஸ்டார்ட் செய் என்று சிஸ்டம்டி-ரன்னில் ஒரு டைமர் போட்டுவிடுவேன். எல்லாம் சரியாக இருந்தால் டைமரை நிறுத்துவேன். ஃபயர்வால் விதிகளை மாற்றும்போதும் இதே டைமர்தான். மழைக்காலத்தில் தம்பி சர்வரைத் தொடும்போது, "டைமர் போட்டுட்டேன்க்கா" என்று செய்தி அனுப்பிவிட்டுத்தான் தொடங்குவான்.

போர்ட்டை மாற்றுவதைப் பற்றி நாங்கள் நிறையச் சண்டை போட்டிருக்கிறோம். 22ஐ 2222 ஆக்கினால் பாதுகாப்பு என்பது அவன் வாதம். லாகில் சத்தம் குறையும், அது உண்மை. சத்தம் குறைந்தால் நிஜமான முயற்சி கண்ணில் படும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேடி வருகிறவன் எல்லாப் போர்ட்டையும் தட்டிப் பார்ப்பான். இன்னொன்று: லினக்ஸில் வழக்கமாக 1024க்குக் கீழே இருக்கும் போர்ட்டுகளை ரூட்தான் திறக்க முடியும், மேலே உள்ளதை யாரும் திறக்கலாம். சாதாரணப் பயனர் கணக்கு ஒன்று கெட்டுப்போய், எஸ்எஸ்எச்டி விழுந்திருக்கும் நேரத்தில் 2222இல் போலி ஒன்றை உட்கார வைக்க முடியும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் 1024க்குள் ஒரு எண்ணை எடுங்கள். பாஸ்வேர்டு மூடிய சர்வரில், திரும்பத் திரும்பத் தவறாக முயல்பவரைத் தடுக்கும் ஃபெயில்2பேன் வேண்டுமா என்றால், லாகைச் சுத்தமாக வைத்துக்கொள்ள மட்டும் அது உதவும். பூட்டு அது இல்லை.

எஸ்எஸ்எச் போலவே சர்வரில் கட்டளை தட்ட உதவும் மாஷ் விஷயத்தில் அவன் ஜெயித்தான். காலையில் குரோம்பேட்டையிலிருந்து எழும்பூர் வரை ட்ரெயினில் போகும்போது எஸ்எஸ்எச் இணைப்பு இரண்டு முறையாவது செத்துவிடும். கிண்டி வந்ததும் உறையும், மாம்பலம் கூட்டத்தில் அறுந்துபோகும். மாஷ் 2012இல் எம்ஐடியில் வந்தது. அது யுடிபியில், அதாவது ஒரே தொடர் இணைப்பைப் பிடித்துக்கொள்ளாமல் தனித்தனிப் பொட்டலங்களாக அனுப்பும் முறையில், ஓடுகிறது. போன் டவர் மாறினாலும், ஐபி முகவரி மாறினாலும், லேப்டாப்பை மூடித் திறந்தாலும் அதே இணைப்பு தொடரும். சிக்னல் போனால் திரையின் மேல்வரியில் நீலப் பட்டை ஒன்று வந்து, கடைசியாகத் தொடர்பு இருந்து இத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டிருக்கும். நீங்கள் தட்டும் எழுத்தைச் சர்வர் பதில் சொல்வதற்கு முன்பே அடிக்கோடிட்டுக் காட்டிவிடும், பதில் வந்ததும் கோடு மறையும். சேத்துப்பட்டில் முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மாஷ் உள்ளே நுழைய முதலில் எஸ்எஸ்எச்தான் வேண்டும், ஆகவே எஸ்எஸ்எச்சை ஒழுங்காக வைக்காமல் மாஷ் போட்டுப் பயனில்லை. சர்வரிலும் அதை நிறுவ வேண்டும். ஃபயர்வாலில் யுடிபி 60000 முதல் 61000 வரை கேட்கும். நான் பத்து போர்ட் மட்டும் திறந்துவிட்டு அதற்குள் ஓடச் சொல்கிறேன். கோப்பு அனுப்ப முடியாது, சர்வரின் வேறொரு போர்ட்டை நம் கணினிக்குக் கொண்டுவரும் போர்ட் ஃபார்வர்டிங் கிடையாது, மேலே உருட்டிப் பழைய வரிகளைப் பார்க்கவும் முடியாது. பழைய வரிகளைப் பார்க்க, அவற்றைச் சர்வரிலேயே வைத்துக்கொள்ளும் டிமக்ஸ் கருவியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போன் பேட்டரி தீர்ந்து செயலி இறந்துவிட்டால், சர்வரில் அநாதையாக ஒரு மாஷ்-சர்வர் நிற்கும். அடுத்த முறை நுழையும்போது அதன் எண்ணோடு சொல்லும், கொன்றுவிடுங்கள்.

ஆடிட்டர் அலுவலகத்தில் கதை வேறு. அவர்களுக்கு விண்டோஸ் திரையே வேண்டும், கணக்கு மென்பொருள் அதில்தான். ரிமோட் டெஸ்க்டாப்பும் குறியாக்கத்தோடுதான் ஓடுகிறது, அதனால் ரவுட்டரில் அதன் போர்ட்டான 3389ஐத் திறந்துவிட்டால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் ப்ளூகீப் என்ற ஓட்டை வந்தபோது, ஆதரவை எப்போதோ நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. லாகின் செய்யாமலேயே உள்ளே வரக்கூடிய ஓட்டை அது. குறியாக்கம் அங்கே எதையும் தடுக்காது. ஆகவே 3389ஐ வெளியே காட்டக் கூடாது, இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அதை வயர்கார்டுக்குள் வையுங்கள்: இயந்திரங்களுக்கு நடுவே குறியாக்கிய தனிச் சுரங்கப்பாதை போடும் விபிஎன் அது.

வயர்கார்டு 2020 மார்ச்சில் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள், 5.6 பதிப்பில், சேர்ந்தது. சாவி தெரியாதவன் தட்டினால் பதிலே சொல்லாது. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லாதது போலிருக்கும். எனக்கு அதில் பிடித்ததே அதுதான். அதன் பலவீனமும் தெரிந்திருக்க வேண்டும்: அதற்குத் தெரிவது இயந்திரம், ஆள் இல்லை. லேப்டாப் திருடுபோனால் திருடனும் உள்ளேதான். அதனால் வயர்கார்டுக்குள் வந்தவர்களிடமும் பாஸ்வேர்டோ சாவியோ மறுபடி கேளுங்கள். ஒரு முனையாவது வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரியில் இருக்க வேண்டும். மொபைல் டேட்டாவிலும் சில பிராட்பேண்டிலும் பலருக்கு ஒரே ஐபியைப் பகிர்ந்து கொடுப்பதால் அது கிடைக்காது. அப்போது மாத வாடகைக்கு ஒரு சின்ன கிளவுட் சர்வரை எடுத்து நடுவில் வைக்கிறோம்.

நடுச் சர்வர் என்றதும் ஏஜென்ட் ஃபார்வர்டிங் ஞாபகம் வருகிறது. ஒரு சர்வரில் ஏறி அங்கிருந்து இன்னொன்றுக்குப் போக அதை இயக்குகிறார்கள். நீங்கள் உள்ளே இருக்கும் வரை அந்த நடுச் சர்வரின் ரூட் உங்கள் சாவியால் கையெழுத்துப் போட முடியும். அதற்குப் பதில் ப்ராக்ஸிஜம்ப் பயன்படுத்துங்கள். நடுச் சர்வர் வெறும் வழியாக மட்டும் இருக்கும், சாவி உங்கள் இயந்திரத்தை விட்டு நகராது.

"இவ்வளவு நம்புறீங்களே, ஓப்பன்எஸ்எஸ்எச்சிலேயே ஓட்டை வந்தா?" என்று தம்பி கேட்பான். நியாயமான கேள்வி, அதிலும் அதைச் சுற்றியிருப்பவற்றிலும் வந்திருக்கிறது. டெபியன் லினக்ஸின் ஓப்பன்எஸ்எஸ்எல் குறியாக்க நூலகத்தில் 2006இல் செய்த ஒரு தவறான திருத்தத்தால், ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் 32,767 சாவிகள் மட்டுமே உருவாக முடிந்தது, 2008இல்தான் அது வெளிவந்தது. வரிசையாகப் போட்டுப் பார்த்தால் போதும். 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் நூலகத்தில் ஒருவர் பின்கதவு வைத்திருந்தார். அது சில லினக்ஸ்களில் எஸ்எஸ்எச்டிக்குள் வந்து உட்காரும்படி செய்யப்பட்டிருந்தது. லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் அதைப் பிடித்தார். அடுத்த மாதமே, விண்டோஸில் பலர் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் செயலியான புட்டியில் பி-521 வகைச் சாவியில் குறை வெளிவந்தது. சுமார் 60 கையெழுத்துகள் கிடைத்தால் தனிச்சாவியையே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். புட்டியை 0.81க்கு ஏற்றினால் மட்டும் தீராது, அந்தச் சாவியையே தூக்கிப்போட வேண்டும். 2024 ஜூலை 1இல் எஸ்எஸ்எச்டியிலேயே, 2006இல் அடைத்த ஓட்டை திரும்பத் திறந்திருந்தது தெரிந்தது. ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8இல் அடைத்தார்கள். உபுண்டு, டெபியனில் பதிப்பு எண் பழையதாகவே தெரியும், திருத்தம் மட்டும் உள்ளே வந்திருக்கும். எண்ணை மட்டும் பார்த்துப் பதறாமல் தொகுப்பின் மாற்றக் குறிப்பைப் பாருங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக ஏறும்படி வைத்துவிடுங்கள்.

இவற்றில் எதிலும் பறந்துபோகும் குறியாக்கத்தை வழியில் பிடித்து உடைக்கவில்லை. சாவி பிறந்த இடம், நூலகம், நிரல் என்று எல்லாம் முனையில்தான்.

கடைசியாக, எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயம். ஒரு நிறுவனத்தில் வேலையை விட்டுப் போனவரின் சாவி பதினான்கு மாதம் சர்வரில் இருந்தது. அவர் நல்லவர், எதுவும் செய்யவில்லை. ஆனால் அவருடைய பழைய லேப்டாப்பை விற்றிருந்தார். பாஸ்வேர்டுக்குக் காலாவதி வைப்பவர்கள் சாவிக்கு வைப்பதில்லை.

மாதத்தில் ஒரு நாள் எந்தெந்தச் சாவி நுழையலாம் என்று பட்டியலிடும் ஆதரைஸ்டு-கீஸ் கோப்புகளை, எல்லாப் பயனர்களுடையதையும், ரூட்டுடையதையும் சேர்த்து, எஸ்எஸ்எச்-கீஜென்னில் அதே 'எல்' விருப்பத்தோடு ஓட்டுங்கள். ஒவ்வொரு சாவியின் கைரேகையும் வரும். கடைசியில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள், அங்கே யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். கைரேகையை வைத்து லாகில் தேடுங்கள். யார் நுழைந்தாலும் எந்தச் சாவியால் என்று கைரேகையோடு பதிவாகிறது. மூன்று மாதமாக லாகில் வராத சாவியை எடுத்துவிட்டு, தேவைப்படுபவர் கேட்கட்டும் என்று விடுவேன். தற்காலிகமாக வருபவர்களின் சாவிக்கு முன்னால் எக்ஸ்பைரி-டைம் என்று தேதி போட்டுவிடலாம், அந்தத் தேதி பிறந்ததும் அது செல்லாது. பேக்கப் ஓட்டும் சாவிக்கு ரெஸ்ட்ரிக்ட் என்றும், ஓட்ட வேண்டிய ஒரே கட்டளையையும் எழுதிவிடுங்கள். அந்தச் சாவி யார் கைக்குப் போனாலும், விரும்பிய கட்டளையைத் தட்டும் ஷெல் கிடைக்காது.

லாகில் தேட வேண்டுமென்றால் லாக் இருக்க வேண்டும். உபுண்டுவில் நுழைபவர்களைப் பதிவு செய்யும் ஆத் லாக் வாரத்துக்கு ஒரு கோப்பாக நான்கு வாரம்தான் நிற்கும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவு 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது, ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அறிவிக்கவும் சொல்கிறது. பழைய லாகை எவ்வளவு நாள் வைப்பது என்று தீர்மானிக்கும் லாக்ரொட்டேட்டில் வாரக் கணக்கை 27 ஆக்குங்கள். ஒரு நகலை வேறு இயந்திரத்துக்கும் அனுப்பிவிடுங்கள், உள்ளே வந்தவன் முதலில் அழிப்பது அதைத்தான். எல்லாச் சர்வரும் ஒரே நேரம் காட்டுகிறதா என்றும் பாருங்கள். பட்டறை சர்வர் ஏழு நிமிடம் பின்னால் ஓடியதால் ஒரு தடவை யார் முதலில் நுழைந்தார் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு அரை நாள் ஆனது.

விலகல் கடிதம் கொடுத்தவரின் கடைசி நாளை நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி என் காலண்டரில் போட்டுவைக்கிறேன். அன்று மாலை ஆறு மணிக்கு அவருடைய சாவி, வயர்கார்டு வரி இரண்டையும் எடுத்துவிட்டு, அவர் பெயரில் ஓடும் பழைய இணைப்பு ஏதாவது இருந்தால் அதையும் அறுத்துவிடுவேன். சாவியை எடுத்தாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னல் தானாக மூடாது.